சோலையப்பன் அட்டெண்டர்

உக்காரும்மா, உக்காரு. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கோ. உனக்கு யாரு உள்ள? மாமனாரா? ஸ்கேனுக்கா? அப்ப எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். பயப்படாத, ஸ்கேன்ல ஒண்ணும் வலிக்காது.

எனக்கா? என் தம்பி. கூடப் பொறந்தவன். சோலையப்பன்னு பேரு. ஸ்கூல் வேன் ஓட்டுறான் அருப்புக்கோட்டையில. ஓட்டுறான்னா, ஓட்டிக்கிட்டு இருந்தான்.

இரு, இரு. அந்த நர்ஸுப் பொண்ணு கதவைத் தெறக்குது. 'சோலையப்பன் அட்டெண்டர்'னு கூப்பிடும் பாரு, கூட வந்த என்னையத்தான். கூப்பிட்டா நீ என்னையப் பாக்காத. குனிஞ்சு உன் பையில எதையாச்சும் தேடு... போயிருச்சா? போயிருச்சு. ரெண்டாவது தடவை இது. நல்ல பொண்ணுதான், தொண்டை என்ன தொண்டைங்கிற! மதுரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.

ஏன் ஒளியிறேன்னு பாக்குறியா? இந்தா, இதுக்குத்தான். சம்மதக் காயிதம், காலையில நர்ஸு எங்கையில குடுத்தது. இதுல நான் கையெழுத்துப் போட்டாத்தான் என் தம்பி ஈரலுக்குள்ள ஊசியை விட்டு சதையை எடுப்பாங்க. போடலைன்னா எடுக்க மாட்டாங்க. நான் முப்பத்தோரு வருசம் தாலுகா ஆபீஸ்ல தபால் பிரிவுல இருந்தவம்மா. கையெழுத்து இல்லாத காயிதம் இந்த மேசையிலேர்ந்து அந்த மேசைக்குப் போகாது. தாசில்தாரே வந்து நின்னாலும் போகாது. மணி என்ன ஆச்சு? பதினொண்ணே முக்காலா? சரி. பன்னெண்டரைக்கு அந்த ரூமைப் பூட்டிருவாங்களாம். அதுவரைக்கும் இது என் பையிலேயே கெடக்கட்டும். அப்புறம் நாளைக்குப் பாத்துக்கலாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை.

சிரிக்காத தாயி. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லை.

போன வருசம் வைகாசியில ஆரம்பிச்சது. வெளிய போறப்ப ரத்தம் போகுதுன்னான். மூலமா இருக்கும்னு கருணைக்கிழங்கா ஆக்கிப் போட்டேன் ஒரு மாசம். பாத்தா பெருங்குடல்ல கட்டி. எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. அப்புறம் இங்க வந்து ஆறு மாசம் மருந்து ஏத்துனாங்க. முடி கொட்டுச்சு, திரும்ப மொளைச்சது. பங்குனிப் பொங்கலுக்கு எங்கூட வந்து மாவிளக்கு எடுத்தான். எல்லாம் முடிஞ்சதுன்னு நெனைச்சோம். சித்திரையில ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்ல ரெண்டு புள்ளி. ஒண்ணு பட்டாணி அளவு, ஒண்ணு சுண்டைக்கா அளவு. குடல்லேர்ந்து கெளம்பி அங்க போய் உக்காந்திருக்கு.

இங்க அருள்செல்வின்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், பொறுமைசாலி. தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சு எனக்குப் படம் போட்டுக் காட்டுனாங்க. அந்தக் கட்டியோட செல்லு மேல ஒரு புரதம் இருக்குமாம். ரிசெப்டர்னு பேரு. 'காது மாதிரி வச்சுக்கோங்கம்மா. ஒடம்புக்குள்ள வளரு வளருன்னு ஒரு சத்தம் போய்க்கிட்டே இருக்கும். இந்தக் காது அதைக் கேட்டுத்தான் கட்டி வளருது. இப்ப ஒரு ஊசி மருந்து இருக்கு, அது போய் அந்தக் காதை அடைச்சிரும்'னாங்க. ஆனா காது இருந்தாத்தானே அடைக்க முடியும்? எல்லாக் கட்டிக்கும் அது இருக்காதாம். சிலதுக்கு நெறைய, சிலதுக்குக் கொஞ்சம், சிலதுக்குச் சுத்தமா இருக்காதாம். அதை மொதல்ல பாக்கணும், ஈரல்ல ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம்னாங்க.

ஊசின்னதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

'ஏம்மா, குடல்ல வெட்டி எடுத்தீங்களே, அது எங்கிட்டாச்சும் இருக்குமில்ல? அதுல பாத்தா ஆகாதா?'ன்னு கேட்டேன். ஆகும்னாங்க. நெறைய பேருக்கு அப்படித்தான் பாப்போம்னாங்க. 'ஆனா ஈரல்ல இருக்கிறது அதே மாதிரி இருக்கணும்னு இல்லம்மா, சில பேருக்கு மாறிப்போயிருக்கும், எடுத்துப் பாத்துட்டா நிச்சயமாத் தெரியும்'னாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இங்கேருந்து போனதுதானே அது? அது மட்டும் எப்படி வேறயா இருக்கும்? 'உங்க ஊர்லேர்ந்து சூரத்துக்குப் பொழைக்கப் போனவன் இருவது வருசம் கழிச்சு வந்தா அதே ஆளாவா இருக்கான்?'னு அந்தம்மா கேட்டாங்க. எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் சூரத்துலதான் இருக்கான். போனப்ப எப்படிச் சோம்பேறியோ அப்படியேதான் வந்தான். நான் அதைச் சொல்லலை, மரியாதைக்கு.

சொல்லலை, ஆனா ஒண்ணு சொன்னேன். 'தம்பிகிட்டக் கேட்டுட்டு வர்றேன்'னு வெளிய வந்தேன். அவன் வராண்டாவுல வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருந்தான். 'டாக்டரம்மா பழைய கட்டியே போதும்னுட்டாங்கடா, ஊசியெல்லாம் வேணாமாம்'னேன். அவன் மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி. திரும்ப உள்ள போயி, 'ஊசின்னாலே வேணாங்கிறான் டாக்டர், கையெடுத்துக் கும்புடுறான், வற்புறுத்தாதீங்க'ன்னேன். அவங்க அதை ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. நோயாளி மறுத்துவிட்டார்னு.

என்ன அப்படிப் பாக்குற? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்கிறாங்க. ஒரு உசுரைக் காப்பாத்த ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா? அதும் என்ன, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. பாதிப் பாதி.

சும்மா இருந்தேன்னு நெனைக்காத. அந்தப் பழைய கட்டியைக் கொண்டு வர்றதுக்குத் தலைகீழா நின்னேன் தெரியுமா! வெட்டி எடுத்ததை மெழுகுக்குள்ள பதிச்சு வச்சிருப்பாங்க. பிளாக்குன்னு சொல்றாங்க. ஒரு பிஸ்கட் அளவு இருக்கும், அவ்வளவுதான். ஆபரேசன் பண்ணுன எடத்துல கேட்டா லேப்புல இருக்குன்னான். லேப்புல கேட்டா பழைய ரூம்ல இருக்கு, சாவி வச்சிருக்கிறவர் லீவுன்னான். நம்மகிட்டயா? மூணு நாள் அந்த லேப்பு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். மனு எழுதி, நகல் எடுத்து, தேதி போட்டு, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து வாங்கினேன். நாலாம் நாள் சாவி தானா வந்துச்சு.

அது கத்திரி வெயில். மெழுகாச்சே, உருகிப் போனா? டிபன் பாக்ஸுக்குள்ள வச்சு, ஈரத்துண்டைச் சுத்தி, மடியில வச்சுக்கிட்டேன். பஸ்ஸுல டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் காலி. இஞ்சின் சூடு வரும், உக்கார மாட்டேன்னேன். 'பின்னாடி எடமில்லை, ஏறுனா ஏறு, இல்லாட்டி எறங்கு'ங்கிறான் கண்டக்டர். 'என் தம்பி குடலு இதுக்குள்ள இருக்குய்யா!'ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாரு. பின்னாடி நாலு சீட்டு காலியாயிருச்சு!

இங்க கொண்டாந்து குடுத்தேன். பத்து நாள்ல ரிசல்ட்டு. இருக்கு, காது இருக்கு. காது இருந்தா ஒட்டுற சாயமாம், லேசா மங்கலா இல்ல, நல்லாப் பழுப்பா ஏறியிருக்கு, மூணு பிளஸ்ஸுன்னு எழுதியிருந்தாங்க. அன்னிக்கு இந்த ஆஸ்பத்திரி வாசல்ல பாத்த பிச்சைக்காரங்க எல்லாத்துக்கும் பொங்கப் பொட்டலம் வாங்கிக் குடுத்தேன். நான் கொண்டு வந்தது. என் மடியில வச்சுக் கொண்டு வந்தது.

ஊசி மருந்து ஆரம்பிச்சாங்க. பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு. ரெண்டாவது ஊசி முடிஞ்சு ஒரு வாரத்துல மொகம், நெஞ்சு, முதுகெல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்துருச்சு. ஆத்தாடி, ஆத்தா வந்துட்டான்னு வேப்பிலையைச் சொருகி, தாளிக்கிறதை நிப்பாட்டி, அவனை ஊசிக்கு அனுப்பாம ஒரு தவணை வீட்டோட வச்சுட்டேன். மூணாம் தண்ணி ஊத்திக் கூட்டிட்டு வந்தா டாக்டரம்மா தலையில கைய வச்சுக்கிட்டாங்க. அம்மையும் இல்ல ஒண்ணுமில்ல, அது மருந்தோட வேலையாம். தோலுலயும் அந்தக் காது இருக்குமாம், மருந்து அதையும் அடைக்கிறதால வர்றதாம். பரு நெறைய வந்தா மருந்து புடிக்குதுன்னு பல பேருக்குச் சொல்லலாம்னாங்க. அதுக்கப்புறம் தெனம் காலையில அவன் மொகத்தைத்தான் பாப்பேன். எண்ணிப் பாக்காத கொறைதான். ஒரு பரு கூடுனா எனக்குச் சந்தோசம். அவன் சொறிஞ்சுக்கிட்டுக் கெடப்பான், 'பொறுத்துக்கோடா, வேலை செய்யுது'ம்பேன்.

மணி என்ன? பன்னெண்டா? பாத்தியா, அந்தப் பொண்ணு அப்புறம் கூப்பிடவே இல்லை. இந்தம்மா ஓடிப் போயிட்டா போலன்னு விட்டுருக்கும். நான்தான் சொன்னேனே, கையெழுத்து இல்லாட்டி ஒண்ணும் நகராது.

எங்க விட்டேன்? ஆங், பரு. பரு இருந்துச்சும்மா. நல்லாவே இருந்துச்சு. ஐப்பசியில ஸ்கேன் எடுத்தா, பட்டாணி இருந்த எடத்துல எலுமிச்சங்கா. சுண்டைக்கா இருந்த எடத்துல... வேணாம், விடு. புதுசா இன்னும் மூணு.

தோலுக்குக் காது இருந்துச்சு. குடல்ல வெட்டி எடுத்ததுக்கும் இருந்துச்சு. ஈரல்ல இருக்கிறதுக்கு இருக்கோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? ஆறு மாசமா இல்லாத காதைத் தேடி மருந்து போயிருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. இருக்கலாம்னுதான் சொல்றாங்க, கவனி. அவங்களுக்கே நிச்சயமில்லை. 'எடுத்துப் பாத்தாத்தான் அடுத்து எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும், இனியும் தள்ள முடியாது'ன்னாங்க.

போன வாரம் வெள்ளிக்கிழமை, அவனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, 'சித்திரையில நீங்க ஊசி வேணாம்னு சொல்லிட்டீங்க. இப்பவாச்சும் சம்மதமா சோலையப்பன்?'னு கேட்டுட்டாங்க.

அவன் டாக்டரைப் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்தான். 'நான் சொன்னேனா?'ன்னான். அவ்வளவுதான். நான் ஃபேனைப் பாத்தேன்.

அன்னிலேர்ந்து எட்டு நாளா எங்கிட்டப் பேசலை. திரும்பிப் போறப்ப பஸ்ஸுல எம்பக்கத்து சீட்டு காலி, போய் படிக்கட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே வந்தான், அந்த ஒடம்போட. வீட்டுல நான் தட்டுல சோறு போட்டா கையை வைக்க மாட்டேங்கிறான், வளர்மதி போட்டாத்தான் திங்கிறான். வளர்மதி அவன் பொண்டாட்டி. எப்பவும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் வருவேன், இன்னிக்கு அவளையும் கெளப்பிக் கூட்டிட்டு வந்துட்டான். ஃபைலைக்கூட எங்கையில குடுக்கலை, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தான். ரெண்டு பேரும் அந்தக் கோடி வராண்டாவுல தனியா உக்காந்திருக்காங்க. பயம்மா அவனுக்கு. ஊசின்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே பயந்த பய. பயத்துல மனுசனுக்குப் பேச்சு வராது. வேற என்ன இருக்கு எங்களுக்குள்ள?

அவனைத் தூக்கி வளத்தவ நான். எனக்குப் பன்னெண்டு வயசுல பொறந்தான். எனக்குன்னு ஒரு குடும்பம் அமையலை, அமையலையேன்னு நான் அழுததும் இல்லை. இவன் இருந்தான்.

ஏன் இவ ஊசிக்கு இப்படிப் பயப்படுறான்னு உனக்குத் தோணும். சொல்றேன். எங்கம்மாவுக்குக் கழுத்துல ஒரு கட்டி. நெல்லிக்கா அளவு. ரெண்டு வருசமா அது பாட்டுக்கு இருந்துச்சு, அவ பாட்டுக்குக் களையெடுக்கப் போனா, வந்தா. ஊசி வச்சுப் பாக்கணும்னாங்க. அப்ப இவன் காலேஜ். நான்தான் ஆபீஸுல பெர்மிசன் போட்டுட்டு ஓடினேன். ஒரு காயிதத்தை நீட்டினாங்க. படிச்சுக்கூடப் பாக்கலை, ஆபீஸுல போடுற மாதிரியே போட்டுட்டேன். இந்திராணின்னு, தேதியோட. ஊசி வச்ச மூணாம் மாசம் எங்கம்மா போயிட்டா. தொண்டை அடைச்சு, தண்ணி எறங்காம. கட்டியை நோண்டிவிட்டா பரவிரும்னு எங்க தெருவே சொல்லுச்சு. நான்தான் நோண்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன், போன வாரம். 'முத்திப் போனதாலதான்மா அன்னைக்கு ஊசி வச்சாங்க. ஊசி வச்சதால முத்தலை. இருபத்தஞ்சு வருசமா இதையா நெஞ்சுல வச்சிருக்கீங்க?'ன்னு எங்கையைப் புடிச்சுக்கிட்டாங்க. சொல்லுவாங்க. எனக்கு மட்டும் நம்ப ஆசையில்லையா? நம்பினா எனக்கு எம்புட்டு நிம்மதி! ஆனா அதை நம்பிட்டா, அப்புறம் இந்த ஆறு மாசம் என்னத்துக்கு? அதை எங்க கொண்டு போய் வைக்கிறது? ரெண்டுல ஒண்ணு எந்தலையில விழுதும்மா. அம்மா விழுகிறா, இல்லைன்னா இவன்.

கொஞ்சம் தண்ணி குடு. உன் ஃபிளாஸ்க்குல வெந்நிதானா? பரவாயில்லை, குடு.

எந்திரிக்காத, உன் மாமனாரைக் கூப்பிட்டா சத்தம் கேக்கும். ஒரு நிமிசம், இந்தா வளர்மதி வர்றா. நீயே பாரு, எம்புட்டு நிதானமா வர்றா. இந்த நேரத்துல எனக்கு அப்படி நடக்க வருமா?

ஏன்டி வளர்மதி, அது என்ன கையில, அவன் சட்டையா? சட்டையை எதுக்குக் கழட்டுனான்? உள்ளயா? எதுக்கு உள்ள போனான்? கையெழுத்துப் போடாம எப்படி உள்ள விட்டாங்க, காயிதம் இந்தா எங்கிட்டல்ல இருக்கு! வேற காயிதமா? அவனேவா? அவனே வாங்கிப் போட்டானா?

போட்டுட்டு... என்னது? முடிஞ்சிருச்சா?

எப்படி முடியும்? நான் இங்கனதானே உக்காந்திருக்கேன். இந்தப் பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ளயா? எம்புட்டு நேரம்டி ஆச்சு? இருவது நிமிசமா? அவ்வளவுதானா? வலிச்சுச்சா, கத்துனானா? கத்தலையா. ரெண்டு மணி நேரம் ஒருக்களிச்சுப் படுத்திருந்தாப் போதுமா.

கேட்டியாம்மா? இருவது நிமிசமாம். அந்த ரிசல்ட்டுக்கு நான் மூணு நாள் ஸ்டூல்ல உக்காந்தேன். இது இருவது நிமிசம்.

இது என்ன குப்பி? இதுக்குள்ளயா இருக்கு? எங்க, காட்டு. அந்த நூல் மாதிரி மிதக்குதே, அதுவா? அடப்பாவி மனுசா, இம்புட்டுத்தானா... குடு, குடு. லேப்புக்குத்தானே? அட்டெண்டர்தான் கொண்டு போகணும், எனக்கு எல்லாம் தெரியும். மூணாவது மாடி, ரெண்டாவது சன்னலு, உள்ள ஒரு கண்ணாடி போட்ட பையன் இருப்பான், அவன்கிட்டப் பேரைச் சொல்லி எழுத வைக்கணும், இல்லாட்டி ஓரமா வச்சிருவான். குடுடி. ஏன் பின்னாடி இழுக்குற?

அவன் சொன்னானா?

என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு, ஒரு வார்த்தை விடாம சொல்லு. 'அக்காவை மொதல்ல ஏதாச்சும் சாப்பிடச் சொல்லு'ன்னானா? சொன்னானா அப்படி? பாத்தியாம்மா, எட்டு நாள் கழிச்சு. என் தம்பிம்மா. அப்புறம்? அப்புறம் என்ன, சொல்லுடி, வாயில என்ன வச்சிருக்க? 'ஆனா குப்பியை அவ கையில குடுத்துறாத'ன்னா சொன்னான்?

சரி.

சரி, போ. நான் ஒண்ணும் சொல்லலை. கண்ணைத் தொடைச்சிட்டுப் போ, நீ ஏன் அழுகுற? அந்தச் சட்டையை மட்டும் குடுத்துட்டுப் போ, அதையாச்சும் நான் வச்சிருக்கேன். குப்பியைச் சாய்க்காமப் புடி. பரவும்னெல்லாம் இனி நான் பேச மாட்டேன், போ.

போறா பாரு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுப் போறா. நல்லவதான் அவ. அய்யோ, எங்கிட்டுப் போறா? லேப்புக்கு இடது பக்கம்ல திரும்பணும்! அங்கிட்டுப் போனா கேண்டீன். வளர்மதி! ஏ வளர்மதி! திரும்பிப் பாத்துட்டும் போறாளே. நான் சொல்லி இடது பக்கம் போகணுமான்னு பாக்குறா.

எம்மா, நீ ஓடிப் போயிச் சொல்லும்மா, உன் மாமனாரை நான் பாத்துக்கிறேன். இடது பக்கம், மூணாவது மாடி. நீ சொன்னா போவா. நான் சொன்னா நம்ப மாட்டா.